மலிவு பேஸ் கிட்டாரும் வெள்ளவத்தைக் கடற்காற்றும்: நான்கு வருடக் கணக்கு

2021 நவம்பரில் 38,000 ரூபா கொடுத்து நான்கு தந்தி பேஸ் கிட்டார் ஒன்று வாங்கினேன். அதன் தலையில் அச்சிட்டிருக்கும் பெயரில் ரைஸ் குக்கர் விற்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வடிவம் என்னவோ, 1951இல் ஃபெண்டர் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸின் வம்சம்தான். அலுவலகத்தில் மூன்று பேர் தனித்தனியாக வந்து, "இப்படியொன்று வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு பாவமன்னிப்பு. முதல் ஐந்து மாதமும் இந்தக் கிட்டாரைத் திட்டியே கழித்தேன். தடித்த தந்தியைத் தட்டினால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டிய சத்தம். மலிவு மரம், மலிவு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகம்), வேறென்ன எதிர்பார்ப்பது என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். விற்பதற்காகப் படம்கூட எடுத்தாயிற்று. அந்த வாரம் தெஹிவளையில் நண்பரின் பயிற்சி அறைக்கு அதைக் கொண்டுபோய், அங்கிருந்த 15 அங்குல ஸ்பீக்கரில் இணைத்தேன். தரை அதிர்ந்தது. அதே கிட்டார், அதே கேபிள்.

குற்றவாளி, நான் கூடவே வாங்கிய 10 வாட் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி. பேஸின் தடித்த ஈ தந்தி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. சிறிய பெட்டிக்குள் இருக்கும் 6 அங்குல ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது. அதற்கு மேலே, வினாடிக்கு 82 தடவையிலும் அதற்கப்பாலும் எழும் துணை ஒலிகளைத்தான் அது நம் காதுக்குத் தருகிறது. கிட்டாரில் மிச்சம் பிடித்தால் தப்பலாம், ஆம்பில் பிடித்தால் தப்ப முடியாது. பெரிய ஆம்புக்குக் காசில்லையென்றால் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று வாங்குங்கள். தொடர்மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கீழ்வீட்டு மாமியின் நல்லெண்ணமும் மிஞ்சும்.

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது ஆம்ப் பற்றிய கவலையே இல்லாமல் போனது. மின்சாரம் இல்லாத பேஸ் கிட்டார் ஏறக்குறைய ஊமை. ஆனால் அதன் தலையை மர அலுமாரியின் கதவில் சாய்த்து வைத்து வாசித்தால் அலுமாரி முழுவதும் பாடுகிறது. நான் ஒழுங்காக ஸ்கேல் பழகியது அந்த இருட்டில்தான்.

இனிக் கிட்டாரின் உண்மையான குறைகள். ஃபிரெட் கம்பிகளின் (வீணைக்கு மெட்டு என்போமே, அதுதான்) முனைகள் அரம்போலக் கையைக் கீறின. கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்ததால், முதல் ஃபிரெட்டில் அழுத்தும்போது விரலும் வலித்தது, சுருதியும் கூடியது. ஆறாம் மாதம் கழுத்தும் முன்பக்கமாக வளைந்தது. நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது வளையாமல் என்ன செய்யும்?

கொட்டாஞ்சேனையில் ஒரு திருத்துநர் ஐயா இருக்கிறார். கிட்டாரை வாங்கிக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல ஒருமுறை பார்த்தார். "கழுத்து முறுக்கவில்லை தம்பி, வளைந்துதான் இருக்கிறது. வளைந்ததை நிமிர்த்தலாம். முறுக்கியிருந்தால் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்றுத் திருப்பினார், நட்டை அராவினார், ஃபிரெட் முனைகளை மழித்தார். 5,000 ரூபா. அந்தக் காசைக் கொடுத்த அன்றுதான் நான் உண்மையில் கிட்டார் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் பிறகு வருவது துரு. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மரைன் டிரைவும் ரயில் பாதையும் மட்டுமே. ஜன்னலைத் திறந்து வைத்தால் தந்தி இரண்டு மாதத்தில் கறுக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது புதுத் தந்தி வாங்க மனம் வரவில்லை. பழைய வாத்தியக்காரர்கள் சொல்லும் வித்தைப்படி, தந்திகளைக் கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் அவித்தேன். அழுக்குக் கழன்று பழைய கணீர் ஒலி திரும்பியது, ஒரு வாரத்துக்கு. நான் எடுத்தது பால் காய்ச்சும் பாத்திரம் என்பதை அம்மா இன்னும் மறக்கவில்லை. தந்தியையாவது மாற்றலாம். தந்திகளை உடலோடு பிடித்திருக்கும் பிரிட்ஜில் தந்தியின் உயரத்தைச் சரிசெய்யும் சிறு திருகாணிகளும் மலிவு இரும்புதான். வாங்கிய அன்றே அவற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருக்க வேண்டும்.

மின்பாகங்களும் அதே தரம். 2023இல் அலுவலக வாணி விழாவில் இரண்டாவது பாட்டின் நடுவே கேபிள் செருகும் ஜாக் கிட்டாருக்குள்ளேயே கழன்று விழுந்தது. முருகன் பாட்டுக்குப் பேஸ் இல்லாமற்போனதை எவரும் கவனிக்கவில்லை என்பது தனி வருத்தம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புது ஜாக்கும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் 250 கிலோ ஓம் வொல்யூம் பொட்டும் வாங்கி நானே ஈயம் வைத்தேன். செலவு ஆயிரம் ரூபாவுக்குள். ஆனால் ஆம்பில் கேட்கும் மின்சார இரைச்சல் முழுதாகப் போகவில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 தடவை. ஈ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி சுரம் 49. ஆகவே ஜி ஸ்கேலில் வாசிக்கும்போது சுவரிலுள்ள பிளக்கும் என்னோடு சேர்ந்து வாசிக்கிறது, சற்றே சுருதி கூடி.

கடையில் பார்க்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. அதைவிட அதிகமென்றால் டிரஸ் ராட் திரும்புகிறதா என்று அவர்களையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரும்பாவிட்டால் பாதி விலைக்கும் வேண்டாம். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். 34 அங்குலத் தந்தி நீளம் கைக்கு எட்டாத சிறுவர்களுக்கு 30 அங்குலத்தில் கேளுங்கள்.

தொடங்குபவருக்கு நான் "வாங்குங்கள்" என்றே சொல்வேன். ஆனால் கையிலுள்ள காசில் ஐந்தில் ஒரு பங்கைத் திருத்துநருக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குள் அடங்கும் கிட்டாரை வாங்குங்கள். மாதத்தில் இரண்டு கல்யாண வீட்டில் பைலா வாசித்துச் சம்பாதிக்க நினைப்பவருக்கு இது சரிவராது. அவர் பழைய யமஹா ஒன்றைத் தேடுவது மேல்.

எனக்கு இதுவரை தந்தி, திருத்தம், பாகங்கள் எல்லாம் சேர்த்து இன்னொரு 31,000 ரூபா போயிருக்கிறது. சென்ற மாதம் தம்பி முறையான ஒருவன் 40,000 தருகிறேன், கொடு அண்ணா என்றான். ஏ தந்தியின் திருகாணி துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, அதைக் கழற்றிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கழற்ற முயலவில்லை.