டெங்கு டேட்டா தேடித் தேடி நாலு வருஷம்

எம்பிஎச் எண்ட பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு தீசிஸுக்காகத் தேடத் தொடங்கினது, படிப்பு முடிஞ்சும் பழக்கம் விடல்ல. தலைப்பு திருகோணமலை மாவட்டத்து டெங்கு. 2017ல கிண்ணியாப் பக்கம் அது அடிச்ச அடி இங்க ஒருத்தருக்கும் மறக்காது, அந்த வருஷம் நாடு முழுக்க 186,101 பேர் எண்டு பதிவு, அதால எல்லாம் கொட்டிக் கிடக்கும் எண்டு நெனச்சு இறங்கினன்.

ஆய்வுப் பேப்பர் தேட பப்மெட் எண்ட மருத்துவக் கட்டுரைத் தேடுதளம் போதும், காசில்ல, கணக்கும் திறக்கத் தேவயில்ல. ஆனா மெஷ் எண்டு கட்டுரைகளுக்கு ஒட்டுற பொதுச்சொல் இருக்கே, அத மட்டும் வச்சுத் தேடினா இன்னும் ஒட்டாத புதுக் கட்டுரையெல்லாம் தப்பிப் போயிரும், அதால சாதாரணச் சொல்லையும் 'ஓர்' (OR, அல்லது) போட்டுச் சேத்துத்தான் தேடுவன். மேற்கோள் குறி போட்டா பப்மெட் தானா சொல்ல விரிச்சுத் தேடுறத நிறுத்திரும், இது தெரியாம ஒரு மாசம் ரிசல்ட் ஏன் இவ்வளவு குறையுது எண்டு மண்டையப் போட்டு உடைச்சன்.

காசு கேக்கிற பேப்பருகள வாசிக்க ஹினாரி எண்ட திட்டம், உலக சுகாதார நிறுவனம் 2002ல தொடங்கினது. தனி ஆளுக்குக் கிடையாது, நிறுவனம் ஊடாத்தான். படிப்பு முடிய எனக்கும் கதவு மூடிட்டுது. நம்மட நாட்டு ஜேர்னல்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் எண்ட தளம், 1887ல தொடங்கின சிலோன் மெடிக்கல் ஜேர்னலும் அதுக்குள்ள இருக்கு.

உண்மையான பாடு டேட்டாவிலதான். சுகாதார அமைச்சிண்ட நோய்ப்பரவல் பிரிவு, எபிடெமியோலொஜி யூனிட், வாராவாரம் போடுற அறிக்கையில திருகோணமலைக்கு ஒரு வரி இருக்கும், கிண்ணியாவத் தனியாப் பிரிச்சு அந்த அட்டவணையில பாக்கேலாது. 52 வாரத்து பிடிஎஃபையும் திறந்து எக்ஸல்ல கையால அடிச்சன். கிராஃப் போட்டா கோணேசர் மலை மாதிரி ஏறுது, ஏறுது, இறங்கவேயில்ல! சேர் பாத்திட்டு சிரிச்சார். ஏ எண்ட நிரல் அந்த வாரத்துக் கணக்கு, பி எண்டது வருஷத் தொடக்கத்திலயிருந்து கூட்டிக்கொண்டு வாற கணக்கு, நான் முழுக்க பியத்தான் அடிச்சிருக்கன். ரெண்டு கிழமை வேலை போச்சு. கடைசியில டி, சி எண்டு ரெண்டு நிரல் இருக்கும், ரிப்போட் நேரத்துக்கு வந்ததா, முழுசா வந்ததா எண்டு காட்டுறது, அதப் பாக்காம ஒரு வாரம் கேஸ் குறைஞ்சிட்டு எண்டு எழுதிராதீங்க.

கூடப் படிச்ச அக்கா ஒராள் தாய்ப்பால் பத்திச் செஞ்சா, அவக்கு இன்னும் மோசம். குடித்தொகை, சுகாதார ஆய்வு 1993லயும் 2000லயும் யுத்தத்தால வடக்கு கிழக்குக்கு வரவேயில்ல, 2006-07ல கிழக்கு வந்திட்டு வடக்கு இல்ல, 2016லதான் 25 மாவட்டமும். வைவா எண்ட வாய்மொழித் தேர்வில உங்கட கிராஃப் ஏன் 2006லயிருந்து தொடங்குது எண்டு கேட்டாங்களாம், திருகோணமலைக்காரியிட்டக் கேக்கிற கேள்வியா இது.