ரோமானோவா, ஒர்ன்ஸ்டீனா? டிரான்ஸ்ஃபர் செய்தியில் யார் பேச்சை எடுப்பது

ஜூன் மாதம் ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் சந்தை திறந்ததும் தஞ்சாவூர், காரைக்கால், அதிராம்பட்டினம் பக்கத்துக் கால்பந்து வாட்ஸ்ஆப் குழுக்களில் ஸ்கிரீன்ஷாட்டுகள் கொட்டத் தொடங்கிவிடும். ஒரே வீரரைப் பற்றி ஒரே நாளில் மூன்று விதமான செய்தி வரும். எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்ற கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தி அத்லெடிக் என்ற விளையாட்டுச் செய்தித் தளத்தின் நிருபர் டேவிட் ஒர்ன்ஸ்டீனுக்கும், ஒரே கிளப்பை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எழுதும் நிருபர்களுக்கும்தான் போனில் அறிவிப்பு மணி வைத்திருக்கிறேன். ஃபேப்ரிசியோ ரோமானோவையும் தொடர்கிறேன், ஆனால் மணி இல்லாமல்.

ரோமானோவைக் குறைத்துச் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபர் செய்தி மட்டுமே எழுதும் இத்தாலிக்காரர். ஸ்கை இத்தாலியாவில் ஜான்லூகா டி மார்ட்சியோவோடு வேலை பார்த்து வளர்ந்தவர். டி மார்ட்சியோ சாதாரண ஆள் இல்லை; 2013 ஜனவரியில் பயிற்சியாளர் குவார்டியோலா ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்புக்குப் போகிறார் என்பதை முதலில் சொன்னவர். ரோமானோவின் பலம் பரப்பு. இத்தாலி, ஸ்பெயின், பிரேசில், சவுதி என்று எந்த நாட்டுச் செய்தியும் அவர் பக்கத்துக்கு வந்துவிடும். அவர் ‘ஹியர் வீ கோ’ போட்டுவிட்டால், எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டாயிற்று, இனிக் காகித வேலைதான் பாக்கி என்று பொருள். அதன் பிறகு கவிழும் பேரம் குறைவு. வேகம் மட்டும்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் அவர் ஒருவரே போதும். மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

சிக்கல் ‘ஹியர் வீ கோ’வில் இல்லை, அதற்கு முந்தைய நாட்களில் இருக்கிறது. ‘பட்டியலில் இருக்கிறார்’, ‘கவனிக்கிறார்கள்’, ‘பேச்சு தொடர்கிறது’ என்று ஒரு நாளில் அவர் போடும் பதிவுகள் ஏராளம். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் பொய் இருக்காது. ஆனால் எந்தக் கிளப்பும் ஓர் இடத்துக்கு ஒரே பெயரை மட்டும் பார்ப்பதில்லை. வரிசையாகப் பல பெயர்களை விசாரிக்கும், கடைசியில் ஒருவரைத்தான் வாங்கும். விசாரிப்பு அத்தனையும் செய்தியாக வந்தால், படிப்பவருக்கு எல்லாமே நடக்கப்போவதாகத் தோன்றும். நம் தமிழ்ப் பக்கங்கள் பல அவரை உடனுக்குடன் மொழிபெயர்க்கின்றன. அந்த அவசரத்தில் பேரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது விழுந்துபோகிறது. குழுவுக்கு வந்து சேரும்போது ‘வாங்கிட்டாங்க’ ஆகிவிடுகிறது.

ஒர்ன்ஸ்டீன் பிபிசியில் இருந்து 2019இல் தி அத்லெடிக்குக்கு வந்தவர். எழுதுவது குறைவு, பெரும்பாலும் இங்கிலாந்துக் கிளப்புகள் பற்றி. நான் அவர் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பேரம் எங்கே நிற்கிறது, இன்னும் என்ன பாக்கி என்பதை அவர் பதிவு சொல்லும். விலை எவ்வளவு, அதில் உறுதித் தொகை எவ்வளவு, பிறகு நிபந்தனை நிறைவேறினால் தரும் கூடுதல் எவ்வளவு, வீரரோடு பேசி முடித்தாயிற்றா, மெடிக்கல் என்ற உடல் பரிசோதனை எப்போது என்று பிரித்துத் தருவார். மற்ற எல்லாத் தகுதியும் எனக்கு இதற்குப் பிறகுதான்.

மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்ற செய்தி பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டுக் கடைமடையில் யாரும் நாற்று விடுவதில்லை. கல்லணை திறக்க வேண்டும், தலைப்பு மதகு தாண்ட வேண்டும், கிளை வாய்க்காலில் முறை வர வேண்டும். டிரான்ஸ்ஃபரும் அப்படித்தான் கட்டம் கட்டமாக இறங்குகிறது. எந்தக் கட்டத்திலும் நின்றுபோகும். எங்கே எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வதந்திகளை நீங்களே எடை போட்டுவிடலாம்.

முதல் கட்டம், இரண்டு கிளப்புகளும் விலைக்கு ஒத்துவருவது. இதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. 2023 ஆகஸ்டில் மொய்சஸ் கைசெடோவுக்கு லிவர்பூலும் பிரைட்டனும் 11 கோடி பவுண்டுக்கு மேல் பேசி முடித்தன. கிளப்போடு ஒப்பந்தம் ஆனதைப் பயிற்சியாளர் க்ளோப்பே நிருபர்கள் முன் உறுதிசெய்தார். வீரர் செல்சிதான் வேண்டும் என்றார். சில நாட்களில் கூடுதல் தொகை சேர்த்து 11.5 கோடிக்கு அங்கே போனார். ‘விலை முடிந்தது’ என்று எழுதிய நிருபர் ஒருவரும் தவறாக எழுதவில்லை. ‘வீரர் சம்மதம் இன்னும் இல்லை’ என்ற அரை வரியைச் சேர்த்தவர்களும் சேர்க்காதவர்களும் அன்று தனித்தனியாகத் தெரிந்தார்கள்.

இதன் மறுபக்கம் மிகைலோ முத்ரிக். 2023 ஜனவரியில் அவர் ஆர்சனல் போகத் தயாராக இருந்தார். அவருடைய கிளப் ஷக்தார் கேட்ட விலைக்கு ஆர்சனல் ஏறவில்லை. செல்சி 7 கோடி யூரோவும் மேலே 3 கோடி கூடுதலும் சொல்லித் தூக்கிக்கொண்டு போனது. வீரர் ஒப்புக்கொண்டார் என்பது மட்டும் செய்தியாக வந்தால், அது பெரும்பாலும் ஏஜென்ட் பக்கத்திலிருந்து வந்தது. விற்கும் கிளப் இன்னும் வாய் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மெடிக்கல். மெடிக்கல் முடிந்தாலே கையெழுத்துதான் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. வில்லியன் 2013இல் டாட்டன்ஹாமில் மெடிக்கல் எடுத்துவிட்டு செல்சியில் சேர்ந்தார். 2018இல் நபீல் ஃபெக்கீரின் லிவர்பூல் பேரம் மெடிக்கல் வரை போய் முறிந்தது. பேச்சு முறிந்ததாக அவருடைய கிளப் லியோன் அறிக்கையே விட்டது. 2025 செப்டம்பர் 1 அன்று மார்க் கேஹி லிவர்பூலுக்குப் போவது எல்லா வகையிலும் முடிந்ததுபோல் இருந்தது. மாற்று ஆள் கிடைக்காததால் அவருடைய கிளப் கிரிஸ்டல் பாலஸ் கடைசி மணிகளில் விலகிக்கொண்டது. அன்று மாலை எழுதியவர்கள் அந்த நேரத்துக்குச் சரியாகத்தான் எழுதினார்கள். இந்த மாதிரி முறிவை வைத்து ஒரு நிருபரின் மதிப்பைக் குறைப்பது நியாயமில்லை. முறிந்த உடனே அதே வேகத்தில் அதையும் சொன்னாரா, பழைய பதிவைச் சத்தமில்லாமல் அழித்தாரா என்று பாருங்கள். ஆளின் தரம் அங்கேதான் தெரியும்.

கடைசிக் கட்டம் காகிதம். நாடு விட்டு நாடு போகும் தொழில்முறை வீரருக்கு ஃபிஃபாவின் டிஎம்எஸ் கணினி முறையில் இரண்டு கிளப்புகளும் ஒரே விவரத்தைப் பதிவேற்ற வேண்டும். 2010 அக்டோபர் முதல் இது கட்டாயம். 2015 ஆகஸ்ட் 31 இரவு மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டேவிட் டி ஹேயா ரியல் மாட்ரிட் போவது இங்கேதான் சிக்கியது: எல்லாம் பேசி முடித்தும் ஆவணங்கள் நேரத்துக்குள் சேரவில்லை. 2017இல் அட்ரியன் சில்வாவின் லெஸ்டர் பதிவு 14 விநாடி தாமதமானது; 2018 ஜனவரி வரை அவரால் ஆட முடியவில்லை. 2023 ஜனவரி 31 அன்று செல்சியின் ஹக்கீம் ஜியெக் தற்காலிகமாக (லோனில்) பாரிஸ் அணிக்குப் போவது, சரியான படிவம் உரிய நேரத்தில் போய்ச் சேராததால் நின்றது. இங்கே எந்த நிருபரின் தொடர்பும் உதவாது.

கட்டத்தைச் சொல்லும் நிருபரைப் படித்தால், மேலே உள்ள ஒவ்வொரு நிகழ்விலும் எங்கே ஆபத்து பாக்கி இருந்தது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். அவசரத்துக்கு ரோமானோ, கணக்குக்கு ஒர்ன்ஸ்டீன் என்று சிலர் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் சரிதான். ஒன்றுதான் வேண்டும் என்றால் எனக்குக் கணக்கு.

கிளப் நிருபர்களையும் இதே காரணத்துக்காகத்தான் சேர்க்கிறேன். லிவர்பூல் செய்திக்கு தி டைம்ஸின் பால் ஜாய்ஸ், தி அத்லெடிக்கின் ஜேம்ஸ் பியர்ஸ் என்று ரசிகர்கள் வைத்திருக்கும் வரிசை சும்மா வந்ததில்லை. தினமும் அதே கிளப்பின் வாசலில் நிற்க வேண்டியவர், ஒரு நாள் பரபரப்புக்காக அந்த உறவைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். குறையும் அதிலேயே இருக்கிறது. கிளப் எப்படிப் பார்க்கப்பட விரும்புகிறதோ அந்தச் சாயல் ஒட்டிக்கொள்ளும். ‘அந்த வீரரை நாங்கள் தீவிரமாகத் தேடவே இல்லை’ என்ற வகைச் செய்தி, பேரம் தோற்ற மறுநாள் இவர்களிடமிருந்து வந்தால் கொஞ்சம் தள்ளி நின்று படியுங்கள்.

யார் பக்கத்திலிருந்து கசிந்தது என்பதைத் தொகையை வைத்தும் கண்டுபிடிக்கலாம். 2023 ஜூனில் பெல்லிங்ஹாமை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றபோது ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் பங்குச்சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பில் உறுதித் தொகை 10.3 கோடி யூரோ, அதற்கு மேல் கூடுதலாக அதிகபட்சம் சுமார் 30 சதவீதம் என்று இருந்தது. 10.3 கோடி என்று எழுதினாலும் சரி, 13 கோடிக்கு மேல் என்று எழுதினாலும் சரி. வாங்குபவர் பக்கம் பொதுவாகச் சிறிய எண்ணைச் சொல்லும், விற்பவர் பக்கம் பெரிய எண்ணை. குழுவில் இந்த இரண்டு எண்ணுக்காகச் சண்டை போடுவதில் பயன் இல்லை.

இந்த அறிவிப்பு ரியல் மாட்ரிட் வீரரை அறிவிப்பதற்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. டார்ட்மண்ட், யுவென்டஸ், பென்ஃபிகா, போர்ட்டோ, மான்செஸ்டர் யுனைடெட் பங்குச்சந்தையில் இருக்கும் கிளப்புகள். பெரிய பேரத்தைப் பங்குதாரர்களிடம் தப்பாகச் சொன்னால் சட்டம் பாயும். இப்படிப்பட்ட கிளப் விற்கும் பக்கமாக இருந்தால் எந்த நிருபரையும் விட அந்தப் பங்குச்சந்தை அறிவிப்பு உறுதியானது. நம் பக்கத்தில் இதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு, பழகிக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘பிபிசி சொல்லிடுச்சு’ என்று வரும் பலவும் பிபிசியின் வதந்தித் தொகுப்புப் பக்கம். பிற பத்திரிகைகள் எழுதியதை, எந்தப் பத்திரிகை என்ற பெயரோடு அங்கே அடுக்கியிருப்பார்கள்; ஃபார்வர்டு ஆகும்போது அந்தப் பெயர் உதிர்ந்துவிடும். டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் வீரருக்குப் போட்டிருக்கும் சந்தை மதிப்பு ஒரு மதிப்பீடு, விற்பனை விலை அல்ல. வீரர் இன்ஸ்டாகிராமில் லைக் போட்டார், தனி விமானம் கிளம்பியது என்பவை சேதியே இல்லை. கூட ஆடுபவர் சொன்னாலும் போதாது. 2017 ஜூலையில் நெய்மார் பார்சிலோனாவிலேயே இருக்கிறார் என்று பிக்கே படத்தோடு பதிவிட்டார்; ஆகஸ்டு 3க்குள் 22.2 கோடி யூரோவுக்கு அவர் பாரிஸ் போய்விட்டார். அச்சில் வந்தாலும் போதாது. இல்லாத மால்டோவா வீரர் மசால் பக்டூவ், 2009இல் தி டைம்ஸின் வளரும் வீரர்கள் 50 பேர் பட்டியலில் 30ஆவதாக இடம்பிடித்தார். இணையத்தில் யாரோ விதைத்த பெயரை ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

ஸ்கிரீன்ஷாட் வந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். படத்தை நம்பாமல் எக்ஸ் தளத்தில் அந்த நிருபரின் பக்கத்துக்கே போய் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். முகவரிப் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் சிறிய ‘எல்’ இருக்கும் இடத்தில் பெரிய ‘ஐ’ வைத்துப் போலிக் கணக்குத் தொடங்குவது பழைய வித்தை. நீல டிக்கைக் கணக்கில் எடுக்காதீர்கள், 2022 நவம்பரிலிருந்து அது காசுக்குக் கிடைக்கிறது. தேதியையும் பாருங்கள், போன ஜனவரிச் செய்தி இந்த ஜூனில் மறுபடி சுற்றும்.

மார்கா, பில்ட், லெக்கீப், ஆ போலா போன்ற அந்தந்த நாட்டுப் பத்திரிகைகளை இதே உறுதியோடு தரம் பிரிக்க மாட்டேன். நான் படிப்பது மொழிபெயர்ப்புக் கருவி வழியாக. மூலத்தில் இருக்கும் தயக்கம் அதில் எவ்வளவு தேறுகிறது என்று சொல்வது கடினம். விற்கும் கிளப்பின் ஊர்ப் பத்திரிகையில் அதே செய்தி வந்திருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும் பயன்படுத்துகிறேன். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பக்கம் கோவாவிலிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கு எழுதும் மார்கஸ் மெர்குல்ஹாவ் சொன்னால் எடுத்துக்கொள்கிறேன். சென்னையின் எஃப்சி பற்றி வரும் மற்ற வதந்திகளுக்குக் கிளப் அறிவிப்பு வரும்வரை காத்திருப்பதே நல்லது.

ஃபேன்டசி பிரீமியர் லீக் ஆடுபவர்கள் வதந்தியை நம்பி, அணியை மொத்தமாக மாற்ற உதவும் வைல்டுகார்டை வீணாக்க வேண்டாம். கிளப் அதிகாரபூர்வமாக அறிவித்த பிறகுதான் புதிய வீரர் விளையாட்டுப் பட்டியலில் சேர்க்கப்படுவார். பெயர் போட்டு ஜெர்சி அடிக்கக் கொடுப்பவர்கள் எண் அறிவிப்பு வரை பொறுத்தால் காசு மிச்சம்.

சந்தை மூடும் கெடு நாள் இரவுக்கு ஒரு கணக்கு. 2024இல் பிரீமியர் லீக் கெடு நமக்கு அதிகாலை 3:30 மணி. 2025இல் இரவு 11:30. கெடுவோடு எல்லாம் முடிந்துவிடாது. கடைசி இரண்டு மணி நேரத்தில், பேரம் முடிந்தது என்று உறுதிசெய்யும் ‘டீல் ஷீட்’ படிவம் கொடுத்த கிளப்புக்கு மேலும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். 2025 கணக்குப்படி நமக்கு 1:30 வரை. ‘டீல் ஷீட் போயிருக்கிறது’ என்று நம்பகமான ஒருவர் எழுதியிருந்தால் மட்டும் விழித்திருங்கள். அப்படி எதுவும் வராவிட்டால் கெடு முடிந்ததும் படுத்துக்கொள்ளலாம்.