4 பெரிய கோர், 8 சிறிய கோர்: மூன்று வருஷத்துக்குப் பிறகு

போன வாரம் லேப்டாப்புக்கு ஃபேன் மாற்றினேன். வண்ணார்பேட்டையில் கடைக்காரர் கழற்றிப் போட்டிருந்த நேரத்தில் வீரவநல்லூர்த் தம்பி கூப்பிட்டான். "அண்ணாச்சி, உங்ககிட்ட இருக்க மாடல் விலை எறங்கியிருக்கு, வாங்கட்டுமா?" சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷமாக என் கல்யாண வீடியோ எடிட்டிங் முழுக்க இதில்தான் நடக்கிறது. இதன் சிப்பில் கோர், அதாவது வேலை செய்யும் தனித்தனி மூளை, பன்னிரண்டு: வேகமான பெரியது நான்கு, மின்சாரம் குறைவாகத் தின்னும் சிறியது எட்டு.

என் கோபம் ஒன்றே ஒன்று. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டு, அந்த விண்டோவைச் சுருக்கிவிட்டு ஆல்பம் வேலையைத் திறந்தால் ரெண்டர் ஊர்ந்து போகிறது. முன்னால் வைத்திருந்தால் 20 நிமிடத்தில் முடிவது, சுருக்கி வைத்தால் 35 நிமிடம். முதலில் சூட்டினால் என்று நினைத்தேன்; பாளையங்கோட்டை மே மாத வெயிலில் அப்படித்தான் தோன்றும். மார்கழியிலும் அதே கதை. எந்தக் கோர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தேன். பெரிய கோர் நான்கும் சும்மா கிடக்க, சிறியவை எட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

எந்த வேலை எந்தக் கோருக்கு என்று பிரித்துக் கொடுப்பது இயங்குதளத்தில் இருக்கும் செட்யூலர். கோர் எல்லாம் ஒரே மாதிரி இருந்தவரை, எது காலியோ அதில் கொடுத்தால் போதும். பெரிதும் சிறிதும் கலந்த சிப்பில் அது ஊகிக்க வேண்டியிருக்கிறது. சுருக்கி வைத்த விண்டோ அவசரமில்லாதது, அதைச் சிறிய கோருக்கு அனுப்பி மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம் என்பது அதன் கணக்கு. ஆனால் சாயந்தரம் பெண் வீட்டாருக்கு பென் டிரைவ் கொடுக்க வேண்டியது அந்த விண்டோவில்தான் இருக்கிறது!

இன்னொன்றும் உண்டு. சில சாஃப்ட்வேர் வேலையை எல்லாக் கோருக்கும் சமமாக வெட்டிக் கொடுக்கும். பெரியது தன் பங்கை முடித்துவிட்டுச் சிறியதற்காகக் காத்து நிற்கும். பந்தியில் சாம்பார் வாளி மெதுவாக வந்தால் ரசக்காரர் நிற்பது போலத்தான். வேலையை நடுவில் வேறு கோருக்கு மாற்றினாலும் சேதாரம் உண்டு. பழைய கோரின் கேஷில், அதாவது பக்கத்திலேயே வைத்திருக்கும் சின்ன நினைவகத்தில், இருந்த தரவைப் புதியது மறுபடி கொண்டுவர வேண்டும்.

இந்த ஏற்பாடு ஃபோனில் பழையது. சிப் வடிவமைக்கும் ஏஆர்எம் நிறுவனம் 2011-லேயே பிக்.லிட்டில் என்று அறிவித்தது. கோர்களின் மின்செலவைக் கணக்கில் எடுத்து வேலை பிரிக்கும் முறை, ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸில் 2019-ல், 5.0 பதிப்பில் சேர்ந்தது. ஃபோனில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு திரைதான், அங்கே அந்த ஊகம் சரியாக வரும். மேசையில் நாலு வேலை ஓடுகிறவனுக்குத்தான் தலைவலி.

நியாயமாகச் சொன்னால் இதே சிறிய கோர்கள்தான் அம்பாசமுத்திரம் மண்டபத்தில் என்னைக் காப்பாற்றின. கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணிய மதியம், மூன்று கேமரா கார்டையும் பேட்டரியிலேயே காப்பி எடுத்து, ஓட்டியும் பார்த்தேன். ஃபேன் சத்தமே இல்லை. என் பழைய லேப்டாப் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது. பவர் அமைப்பை முழுவேகத்தில் வைத்து, சார்ஜரும் சொருகியிருந்தால் ரெண்டர் தொல்லையும் முக்கால்வாசி குறைகிறது.

ஆனால் நேற்று அதை மாற்ற மறந்துவிட்டேன். சங்கரன்கோவில்காரர் ஸ்டுடியோ வாசலில் முக்கால் மணி நேரம் நின்றார். சரி, ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாக் கோரும் ஒரே அளவில் இருக்கும் மெஷினாகப் பார், எடை கூடினாலும் பரவாயில்லை என்றேன். அவனும் ரெண்டரைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறவன்தான்.