தொலைபேசி ஓயாத அலுவலகத்தில் பொமோடோரோ முறை: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள சிறிய கணக்கியல் அலுவலகம் ஒன்றில் உணவகங்கள், துணிக்கடைகள், பல் மருத்துவ நிலையம் என்று சிறு முதலாளிகள் பலரின் சம்பளக் கணக்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊழியர் சேமநிதி, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா, மாதாந்திர வரிக் கழிவு ஆகிய மூன்றையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்திவிட வேண்டும் என்பதால், மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் தொலைபேசியும் வாட்ஸ்அப்பும் ஓய்வதில்லை. இப்படிப்பட்ட மேசையில், கடிகாரம் வைத்து வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் பொமோடோரோ முறையை ஈராண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் அடையாளமாகிய 25 நிமிடக் கடிகாரம் எனக்கு அரைப் பயன்தான் தந்தது. தொடங்கிய வேலையை அன்றே முடிக்க உதவியவை அந்த முறைக்குள் இருக்கும் இடையூறுக் குறிப்புகளும், அவற்றோடு நான் சேர்த்துக்கொண்ட ஒற்றை வரிக் குறிப்பும்தான்.

இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து இம்முறையை உருவாக்கினார். 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் சற்று நீண்ட ஓய்வு என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் ஒரு சுற்றைப் பாதியில் துண்டிக்கக் கூடாது, துண்டிக்கப்பட்டால் அதைக் கணக்கில் சேர்க்காமல் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுபவருக்கு அது பொருந்தலாம். எங்கள் அலுவலகத்தில் மாதத்தின் பத்தாம் தேதி வாக்கில் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், மதிய உணவு வரை ஒரு சுற்றுகூடத் தேறாது. ஆகையால் அதைக் கைவிட்டு, துண்டித்த இடத்திலிருந்தே தொடர்கிறேன். முறையைத் தூய்மையாகப் பின்பற்றுவோர் இதை ஏற்கமாட்டார்கள். சம்பளம் குறித்த நாளில் போய்ச் சேர வேண்டிய தொழிலாளி ஏற்பார்.

கைப்பேசிச் செயலியை விடச் சாதாரணக் கடிகாரமே மேல். செயலியைத் திறக்கப் போனால் பச்சை நிறத்தில் ஏழெட்டுச் செய்திகள் எட்டிப் பார்க்கின்றன.

இனி குறிப்புகள். வெளியிலிருந்து வரும் இடையூறுக்கு ஒரு சிறு கோடு, நம் மனமே கிளப்பும் இடையூறுக்கு மேற்கோள் குறி போன்ற ஒரு மேற்குறி எனத் தாளில் போட்டுவரச் சொல்கிறார் சிரில்லோ. சில வாரங்கள் போட்டுப் பார்த்தபோது, வெளி இடையூறுகள் நாள் முழுதும் பரவிக் கிடக்கவில்லை, உணவகக்காரர்கள் மதிய வியாபாரத்துக்கு முன்பு அழைக்கும் பத்து மணியை ஒட்டியும், கூட்டம் வடிந்த பிறகு மூன்று மணியை ஒட்டியுமே குவிகின்றன என்று தெரிந்தது. கோடுகளுக்குச் சற்றும் குறையாமல் மேற்குறிகளும் இருந்தன. தீபாவளிக்கு ஈப்போ செல்லும் இரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்க்க எந்த வாடிக்கையாளரும் என்னைத் தூண்டவில்லை. இப்போது கூர்ந்து பார்க்க வேண்டிய கணக்குகளைக் காலை எட்டரைக்கே எடுத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் அரசு அலுவலகங்களுக்கு 12.15 முதல் 2.45 வரை தொழுகைக்கான இடைவேளை. எங்களுக்கு வரும் அழைப்புகளும் அந்நேரத்தில் அடங்கிவிடுவதால், வாரத்தின் மிகச் சிக்கலான கணக்கை அதற்கென்றே ஒதுக்கிவைக்கிறேன்.

அழைப்பவரிடம் நிலைமையைச் சொல்லி, வேறு நேரம் கேட்டு, அதைக் குறித்துவைத்து, மறவாமல் திரும்ப அழைப்பது அம்முறை சொல்லும் மற்றொரு வழி. “அண்ணே, ஒரு கணக்கு நடுவுல இருக்கேன், நாலரைக்கு நானே கூப்பிடவா?” என்றால் பெரும்பாலானோர் “சரிம்மா” என்று வைத்துவிடுகிறார்கள். நாலரைக்குக் கூப்பிடாவிட்டால் அடுத்த முறை அந்தச் “சரிம்மா” கிடைக்காது. எங்கள் முதலாளியிடம் மட்டும் இது செல்லுபடியாவதில்லை. அவர் மேசைக்கு முன்னாலேயே வந்து நின்றுவிடுவார்.

அப்படி ஒத்திப்போட முடியாத இடையூறுகளுக்குத்தான் அந்த ஒற்றை வரி. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். திரும்பி வந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்பதை எழும்முன் சுருக்கமாகக் குறித்துவைத்தால் அந்தப் பாதிப்புக் குறைகிறது என்று தெரீசா குளோம்புடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். என் தாளில் அது இப்படி இருக்கும்: “உணவகம், 9ஆவது ஆள். மிகைநேரம் போட்டாயிற்று. அடுத்து, சம்பளமில்லா விடுப்பு 2 நாள் கழிக்க.” முதலாளி வந்து நிற்கும்போது விரலை மட்டும் உயர்த்திவிட்டு இதை எழுதி முடிக்கிறேன், அவருக்கும் பழகிவிட்டது. “உணவகக் கணக்கு பாதி” என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. அடுத்து கை எதைச் செய்ய வேண்டும் என்பதே வரியில் இருக்க வேண்டும். மிகைநேரத்தை இருமுறை சேர்ப்பது, விடுப்பைக் கழிக்காமல் அடுத்த பெயருக்குத் தாவுவது போன்ற பிழைகள் நுழைவது இந்த இடத்தில்தான். வரிசையாகச் செய்யும் வேலையில் மூன்று நொடிகூட நீடிக்காத இடையூறே பிழைகளை இருமடங்காக்கியதாக எரிக் ஆல்ட்மன் குழுவினரின் 2014ஆம் ஆண்டுச் சோதனை சொல்கிறது. ஆகவே, கைப்பேசித் திரை ஒளிர்வதைத் திரும்பிப் பார்த்தாலும் கணக்கில் நிற்கும் வரியின் கீழ் விரலை வைத்துக்கொள்கிறேன்.

2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதிப் பிடித்தம் கட்டாயமாகி, முதலாளி 2 விழுக்காடும் தொழிலாளி 2 விழுக்காடும் செலுத்த வேண்டியதானபோது, உணவக முதலாளிகள் அனைவரும் ஒரே வாரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அந்த வாரம் கடிகாரத்தை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். தாளை மட்டும் விடவில்லை. கோடுகள் ஒரே காரணத்துக்காகக் குவிவதைக் கண்டு, விளக்கத்தை ஒரே செய்தியாக எழுதி அனைவருக்கும் அனுப்பியதில் அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

வரவேற்பு மேசையில் இருக்கும் எங்கள் அக்காவும் இதை முயன்று பார்த்து விட்டுவிட்டார். வருபவரைக் கவனிப்பதே வேலையாக உள்ளவருக்கு எதை இடையூறு என்று குறிப்பது? கணக்கு, மொழிபெயர்ப்பு, நிரல் எழுதுதல் போன்று வரிசை பிசகக் கூடாத வேலையில் இருந்துகொண்டே பிறருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள், கடிகாரம் வாங்குமுன் ஒரு தாளையும் பென்சிலையும் வைத்து ஒரு மாதம் பார்க்கலாம். அந்த மாதத்தில் 15ஆம் தேதி போன்றொரு கெடு வந்தால் இன்னும் நல்லது.