பிளஸ் ஒன் புள்ளைங்களுக்கு கப்பலூர்ல கம்பெனி பயிற்சி: அனுப்பலாமா?

திருமங்கலம் பக்கம் ஒரு சின்ன அமைப்பு, பிளஸ் ஒன் முடிச்ச புள்ளைங்கள மே லீவுல ரெண்டு வாரம் கம்பெனிகள்ல உக்கார வச்சு வேலைய காட்டுறாங்க, ஸ்கூல் மூலமா. என் மகள இந்த வருஷம் அனுப்பியிருந்தேன். வாட்ஸப் குரூப்ல ஆளாளுக்கு "எப்டி இருந்துச்சு, அனுப்பலாமா"ன்னு கேக்குறீங்க, அதான் மொத்தமா இங்க எழுதிர்றேன். தாராளமா அனுப்பலாம். ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி அந்த எடத்துல உங்க புள்ளைக்கு சொல்லிக்குடுக்கப் போறது யாருன்னு பேரு வரைக்கும் கேட்டு வச்சுக்கங்க, இந்த பயிற்சி நல்லா அமையுறதும் வீணாப் போறதும் அந்த ஒரு ஆளப் பொறுத்துத்தான்.

என் மகளுக்கு கெடச்சது கப்பலூர் சிட்கோ எஸ்டேட்ல (சின்ன கம்பெனிகளுக்கான தொழிற்பேட்டை) ஒரு சின்ன மெஷின் ஷாப். வண்டி பார்ட்ஸ் கடைஞ்சு குடுக்குற எடம், லேத்து (கடைசல் மெஷின்) கொஞ்சம், சிஎன்சி (கம்ப்யூட்டர் மூலமா ஓடுற மெஷின்) கொஞ்சம், அவ்வளவுதான். அங்க ரொம்ப வருஷமா இருக்குற லேத்து ஓட்டுற ஒரு டர்னர் அண்ணன் கையில இவள ஒப்படைச்சாங்க. அவரு எடுத்த எடுப்புலயே மெஷின் பக்கம் விடல, செக்கிங் டேபிள்ல உக்கார வச்சு வெர்னியர், மைக்ரோமீட்டர்னு நுணுக்கமா அளக்குற கருவிங்கள கையில குடுத்து, முடிச்சு வந்த ஜாப்ப (கடைஞ்ச பார்ட்ட) ஒண்ணொண்ணா அளந்து நோட்ல எழுதச் சொல்லிட்டாரு. வெர்னியர் இவ ஸ்கூல் பிசிக்ஸ் லேப்லயே புடிச்சதுதான். ஆனா அங்க ரீடிங் கொஞ்சம் முன்ன பின்ன வந்தா யாருக்கும் ஒண்ணும் நஷ்டமில்ல. இங்க ட்ராயிங்ல 20 மில்லிமீட்டர்னு போட்டு டாலரன்ஸ் (எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்ங்குற அளவு) குடுத்துருக்கும், அத தாண்டி 0.01 மில்லிமீட்டர் கூடுனாலே பேரிங் உள்ள சரியா உக்காராது, பார்ட்டி மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிருவான். அது யாரோட சம்பளத்துல போய் விழும்னு அந்த அண்ணன் பக்கத்துல நின்னு சொல்லியிருக்காரு.

ஒரு நாள் லேத்துல இருந்து இறங்குன ஜாப்ப சூட்டோட அளந்துட்டா போல. ஆறட்டும்மா, சூட்டுல இரும்பு பெருத்துருக்கும், அளவு பொய் சொல்லும்னு அவரு சொன்னத வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லாம பிசிக்ஸ் புக்க எடுத்து கணக்கு போட்டுட்டு இருந்தா: ஸ்டீல் ஒரு டிகிரி சூட்டுக்கு தன் அளவுல 0.000012 பங்கு பெருக்கும், 20 மில்லிமீட்டர் தண்டு, 40 டிகிரி சூடு கூடுனா 0.0096 மில்லிமீட்டர் வருது, அதாவது கிட்டத்தட்ட 0.01. எந்த 0.01க்காக ஜாப் ரிஜெக்ட் ஆகுதோ அதே 0.01! வெப்ப விரிவுன்னு மனப்பாடம் பண்ணுன பாடத்த வச்சு ஒரு தொழிலாளி தினம் சோறு சாப்புடுறாருன்னு அவளுக்கு அன்னைக்கு புரிஞ்சுச்சு பாருங்க, எனக்கு அது ஒண்ணே போதும்.

ரெண்டாவது வாரம் ஆபீஸ்ல. டெலிவரி சலான், ஜிஎஸ்டி பில்லு, ஹார்டனிங்குக்கு (இரும்ப சூடு பண்ணி கெட்டியாக்குறதுக்கு) வெளிய போன சரக்கு எத்தன திரும்பி வந்துச்சுன்னு பாத்து வைக்கிறது. முதலாளி அம்மா தன் பாக்கிக் கணக்க தொறந்து காட்டி, சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும்னு 2006லயே சட்டம் வந்துருச்சும்மா, ஆனா பெரிய கம்பெனிகிட்ட கேக்க பயந்துட்டு எல்லாரும் சும்மா இருக்கோம்னு சொல்லிருக்காங்க. பதினாறு வயசு புள்ளைக்கு இவ்வளவு திறந்து சொல்றவங்க கெடைக்கிறது பெரிய விஷயம்.

பாதுகாப்பு பத்தி நிறைய அம்மாக்கள் கேட்டீங்க. துப்பட்டா, வளையல், தொங்குற முடி எதுவும் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாங்க, ஷூ கட்டாயம், கண்ணாடி அவங்களே குடுத்தாங்க. 18 வயசு ஆகாதவங்கள முறையா சொல்லிக்குடுக்காம, தெரிஞ்ச ஆளு பக்கத்துல நின்னு பாக்காம ஆபத்தான மெஷின்ல விடக்கூடாதுன்னு 1948 ஃபேக்டரி சட்டத்துலயே இருக்கு, அதனால உங்க புள்ளை மெஷின் ஓட்டலியேன்னு வருத்தப்படாதீங்க, ஓட்ட விட்டாத்தான் நீங்க போய் கேக்கணும்.

குறைன்னா, ரெண்டு இருக்கு. ஷாப்ல பொம்பளப்புள்ளைங்களுக்குன்னு தனி டாய்லெட் இல்ல, பக்கத்து யூனிட்டுக்குப் போய்ட்டு வந்தா. இத முன்னாடியே அமைப்புக்காரங்க பாத்துருக்கணும், நான் சொன்னதுக்கப்புறம் தான் குறிச்சுக்கிட்டாங்க. இன்னொண்ணு, எங்க தெருவுல ஒரு பையன இதே பயிற்சியில ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்புனாங்க, ரெண்டு வாரமும் ஜெராக்ஸ் எடுக்குறதும் டீ வாங்கிட்டு வர்றதும் தான். அவனுக்குன்னு ஒரு ஆள பொறுப்பா சொல்லவே இல்ல. அவன் அப்பா ரொம்ப நொந்துபோய்ட்டாரு. ஒரே ஃபார்ம், ஒரே அமைப்பு, ஒரு புள்ளை இப்டி, ஒரு புள்ளை அப்டி. அதனாலதான் அந்த ஆளோட பேர கேளுங்கன்னு மொதல்லயே சொன்னேன்.

செலவு: பீஸ் இல்ல, சாப்பாடு நம்மளுது. பொண்ணுங்களுக்கு சாதா டவுன் பஸ் 2021ல இருந்தே ஃப்ரீ, அதனால திருமங்கலத்துல இருந்து கப்பலூருக்கு காசே ஆகல. சர்டிபிகேட் குடுக்குறாங்க, ஆனா அத வச்சு காலேஜ் சீட்டுல எதும் கூடாது. அவங்க குடுத்த டைரி நல்லா இருக்கு, தினம் என்ன பாத்தேன், என்ன புரியலன்னு எழுதி அந்த அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கணும்.

ஸ்கூல்ல தமிழ்நாடு அரசோட 'நான் முதல்வன்' திட்டம் மூலமா எந்த படிப்பு, எந்த காலேஜ்னு சொல்றாங்க, 2022ல ஆரம்பிச்சதுல இருந்து அது நல்ல விஷயம்தான். ஆனா படிப்போட பேரு தெரியுறது வேற, அந்த வேலைய ஒரு ஆளு செய்றத கிட்ட நின்னு பாக்குறது வேற. நம்ம மதுரையிலயே பாருங்க, கோச்சடைல பென்னர் கம்பெனில மெஷினுக்குப் போடுற பெல்ட் செய்றாங்க, வெள்ளரிப்பட்டில டயரு, வீரபாஞ்சான்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரியோட ஆரோலேப்ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸு, அது 1992ல இருந்தே நடக்குது. அந்த ரோட்டுல தினம் பஸ்ல போற நம்ம புள்ளைங்கள்ல எத்தன பேருக்கு அந்த சுவத்துக்கு அங்கிட்டு என்ன நடக்குதுன்னு தெரியும்? இன்ஜினியரிங்னா கம்ப்யூட்டர் மட்டும்தான்னு நெனச்சுட்டு இருந்த என் மகளே இப்ப மெக்கானிக்கல் பத்தி கேக்குறா. அதையே எடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா எதுன்னு பாத்துட்டு கேக்குறாளே.

அடுத்த வருஷத்துக்கு ஏப்ரல்ல ஸ்கூல்ல கேட்டு வைங்க, ஃபார்ம்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒருவாட்டி அந்த எடத்த நேர்ல போய் பாத்துட்டு வாங்க. கப்பலூர்லயோ புதூர் எஸ்டேட்லயோ யூனிட் வச்சுருக்குறவங்க யாராச்சும் இத படிச்சீங்கன்னா, சொல்லிக்குடுக்க மனசுள்ள ஒரு சீனியர் ஆளயும் பொண்ணுங்களுக்கு ஒரு டாய்லெட்டையும் ஏற்பாடு பண்ணிட்டு பக்கத்து அரசுப் பள்ளி ஹெச்எம்ம போய் பாருங்க, புள்ளைங்கள அனுப்ப நாங்க தயாரா இருக்கோம்.