டெல்லி கணேஷ் குரல் கேக்குதான்னு பாத்து வாங்கின சவுண்ட்பார்

சவுண்ட்பார் (டிவிக்கு கீழ வைக்கற நீள ஸ்பீக்கர்) ரிவ்யூதான், ஆனா பாதி டெல்லி கணேஷ் பத்தி இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

அப்பாவுக்கு காது கொஞ்சம் மந்தம். டிவியோ ஒல்லியா இருக்கு, ஸ்பீக்கர் பின்பக்கம், சத்தமெல்லாம் செவுத்துக்குத்தான் போகுது. வால்யூம் 40 வச்சா பாட்டு அலறும், பேச்சு கேக்காது. 2024 நவம்பர் 9 ராத்திரி டெல்லி கணேஷ் போயிட்டாரு, 80 வயசு. மறுநாள் அப்பா "ஏலே, மைக்கேல் மதன காமராஜன் போடு"ன்னாரு, டெல்லி கணேஷ் திருநெல்வேலி பக்கத்து வல்லநாட்டு ஆளு, நம்ம பக்கம்னு அப்பாவுக்கு ஒரு பெருமை. சாம்பார்ல மீன் விழுற சீன், கமலும் சமையக்கார மணி ஐயரா இவரும் பாலக்காட்டுத் தமிழ்ல பேசிக்கிறாங்க, நாங்க வயித்தப் புடிச்சிட்டு சிரிக்கிறோம், அப்பா எங்க மூஞ்சியப் பாத்து பாத்து சிரிச்சாரு. அவருக்கு ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கே ஆர்டர் போட்டுட்டேன்.

பிராண்ட் பேரு வேணாம், 7 ஆயிரத்து சொச்சம், கனமான சத்தத்துக்குன்னு தனி வூஃபர் பெட்டியோட. டிவியோட இணைக்கற எச்டிஎம்ஐ கேபிள் பாக்ஸ்ல கிடையாது, தனியா வாங்கணும். ப்ளூடூத்ல போட்டா வாய் முன்னாடி போகுது பேச்சு பின்னாடி வருது, கேபிள்ல சரியாயிடுச்சு. வால்யூம் எவ்ளோ இருக்குன்னு காட்ட நம்பர் கூட கிடையாது, ஒரு பச்சை லைட் மினுக்குது, அதப் பாத்து நாமளே யூகிச்சுக்கணும்.

டெஸ்ட்டுக்கு சிந்து பைரவி போட்டேன். அதுல இவரு மிருதங்க வித்வான், குடிச்சிட்டு கச்சேரிக்கு வந்துடுவாரு. வூஃபர ஏத்தி வச்சா மிருதங்கத்துல தொப்பி பக்கம், அதான் கனமா ஒலிக்கிற பக்கம், அது மட்டும் தொம்மு தொம்முனு வீட்டையே ஆட்டுது, ஆளு பேசறது அமுங்கிடுது. வூஃபரக் கொறச்சு வச்சு, பேச்ச தூக்கிக் காட்டற டயலாக் மோட் போட்டேன், அப்புறம் பாக்கணும், அந்த நாக்கு லேசா குழறுறது, கெஞ்சும்போது குரல் உள்ள இறங்குறது எல்லாம் தனித்தனியா கேக்குது. என்னைக் கேட்டா இந்த மனுஷன் பாதி நடிப்ப குரல்லயே முடிச்சிடுவாரு. விமானப்படைல பத்து வருஷம் இருந்துட்டு, டெல்லில நாடகம் போட்டு, அப்புறம் சினிமாக்கு வந்தவரு, 400 படத்துக்கு மேல. '47 நாட்கள்' படத்துல சிரஞ்சீவிக்கு தமிழ்ல பேசினதே இவருதான், அப்பாகிட்ட சொன்னா நம்பவே மாட்டேன்னுட்டாரு.

மீன் சீன மறுபடி போட்டோம். இந்த தடவ எங்களுக்கு முன்னாடி அப்பா சிரிச்சாரு.

வயசானவங்க இருக்கற வீட்டுக்கு தாராளமா வாங்கலாம், வெறும் பாட்டுக்குன்னா இந்த காசுக்கு வேற பாருங்க. ரிமோட்ல மட்டும் ரெண்டே மாசத்துல ஒரு பட்டன் வேலை செய்யல. ம்யூட் பட்டன். சர்வீஸுக்கு போன் பண்ணவான்னேன், அப்பா அது கெடக்கட்டும்லேன்னுட்டாரு.