இறுக்க முடியாத செயின்: ஹெரால்டுடன் பதினொரு ஆண்டுகள்

தக்கலையில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மக்கா, குழித்துறைப் பக்கம் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் விலைக்கு வந்திருக்கிறது. விலையையும் குறைத்துவிட்டார்கள். எஞ்சின் முன்பக்கம் ஏதோ சலசலக்கிறது, டைமிங் செயினாம். ஒரு போல்ட்டைத் திருகி இறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?"

டைமிங் செயின் என்பது எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டிலிருந்து, வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றும் சங்கிலி. அதை இறுக்கும் அந்த போல்ட்டைத்தான் நானும் பதினொரு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆல்ஃபா ரோமியோவின் பழைய இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின்களில் அப்படி ஒன்று உண்டு. பூட்டு போல்ட்டைத் தளர்த்தி எஞ்சினை மெல்லச் சுற்றினால், ஸ்பிரிங் தொய்வை வாங்கிக்கொள்ளும். மறுபடி இறுக்கிவிட்டுக் கை கழுவப் போகலாம். ஹெரால்டில் இருப்பது வில்போல் வளைந்த ஓர் எஃகுத் தகடு. டைமிங் கவரின் உள்பக்கம் ஒரு முளையில் மாட்டிக்கொண்டு, செயினின் தொய்ந்த பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டின் விறைப்பு போனால் தகட்டை மாற்றலாம், செயின் தேய்ந்து நீண்டால் செயினை மாற்றலாம். இறுக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1962இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இதே எஞ்சின் குடும்பத்தை 1147 சி.சி.யாகவும் இரண்டு கார்புரேட்டர்களோடும் வைத்துச் செய்த ஸ்போர்ட்ஸ் கார். அதற்குள்ளும் இதே தகடுதான். ஆகவே ஏழை வண்டிக்கு மட்டும் வந்த சோதனை என்று நான் வருந்துவதில்லை.

சத்தம் எப்படி இருக்கும் என்றால், காய்ந்த முந்திரிக்கொட்டையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல் இருக்கும். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும் ஐடிலில்தான் அதிகம், வேகம் எடுத்தால் அடங்கிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று வீசும்போது மட்டும் சுத்தமாகக் கேட்காது. அதற்காக எப்போதும் ஆரல்வாய்மொழியிலேயே ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா?

முதல் இரண்டு ஆண்டுகள் இதை டேப்பெட் சத்தம், அதாவது வால்வுகளைத் தள்ளும் உறுப்புகளின் சத்தம் என்று சொல்லி, ஒரு பட்டறையில் மூன்று முறை காசு வாங்கினார்கள். வால்வு இடைவெளி 0.010 அங்குலம் இருக்க வேண்டும். மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது, சத்தமும் அப்படியேதான் இருந்தது. கடைசியில் பஸ் டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். டைனமோவும் வாட்டர் பம்பும் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை. பிறகு நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை டைமிங் கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். "நீங்களே கேளுங்கள் தம்பி" என்று என்னிடம் நீட்டினார். முந்திரிக்கொட்டை அங்கேதான் இருந்தது. தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை அடித்துக் காட்டியபோது புல்லியின் குறி ஓரிடத்தில் நிற்காமல் துடித்தது. ப்ளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது கேம்ஷாஃப்ட்டிலிருந்து. செயின் தொய்ந்தால் தீப்பொறியின் நேரமும் தள்ளாடும்.

ரேடியேட்டரை இறக்கி, புல்லி போல்ட்டைக் கழற்றும்போது கியரில் போட்டு மச்சினனைப் பிரேக்கில் உட்காரவைத்து, கவரைத் திறந்தோம். தொய்ந்த பக்கத்தில் அடிக்கோலை வைத்து நடுவில் அழுத்திப் பார்க்க வேண்டும், 0.4 அங்குலத்துக்கு மேல் ஆடினால் புதுச் செயின். எங்களுடையது அரை அங்குலத்தையும் தாண்டி ஆடியது. தகட்டின் முதுகில் செயின் அறுத்த இரண்டு கோடுகள், தண்டவாளம்போல் நேராக ஓடின. நகத்தை வைத்தால் உள்ளே இறங்கியது.

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். கேம்ஷாஃப்ட் பல்சக்கரத்தில் நான்கு துளைகள் இருக்கின்றன. சக்கரத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி மாட்டினால் டைமிங் அரைப் பல் நகரும். முன்பின்னாகப் புரட்டி மாட்டினால் கால் பல் நகரும். கால் பல் அளவுக்கு நேரத்தைத் திருத்த வழி யோசித்த மூளைக்கு, தொய்வை எடுக்க ஒரு திருகு வைக்கத் தோன்றவில்லை! நியாயமாகச் சொன்னால், திருகு வைத்திருந்தால் நாம் தேய்ந்த செயினையே திருகித் திருகி ஓட்டியிருப்போம் என்றார் பெரியவர். அது உண்மைதான். ஆனாலும் கோபம் போகவில்லை.

செயினையும் தகட்டையும் ஒரு கடையில் வாங்கினேன். பெயர் வேண்டாம். செயின் நல்லது. தகடு பத்தே மாதத்தில் வளைவு இழந்து வாழைமட்டைபோல் படுத்துவிட்டது. வேறு இடத்தில் அலைந்து வாங்கிய தகட்டைப் போன மாதம்தான் மாட்டினோம். மறுபடி ரேடியேட்டர், மறுபடி புல்லி, மறுபடி மச்சினன். கவரை மூடும்போது தகடு செயினில் முட்டிக்கொண்டு நிற்கும். அதை ஒதுக்கிப் பிடிக்க வளைத்த கம்பி வேண்டும். பெரியவர் பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டார். கவர் உட்கார்ந்ததும் கம்பியை இழுத்தார்; உள்ளே தகடு செயினில் 'டக்' என்று விழுந்தது. முதல் முறை ஸ்போக் நழுவிப் புது கேஸ்கெட் கிழிந்ததைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

இப்போது ஐடிலில் சத்தம் இல்லை. குறியும் துடிக்கவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு நொடி சலசலப்பு. அந்த இரண்டு நொடியும் நான் மூச்சுவிடுவதில்லை.

மற்றவை எல்லாம் சுகம். முன் உடல் முழுவதும் முன்னோக்கித் திறந்துகொள்ளும். முன் டயரின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். இந்த வசதி எந்தப் புது வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இருபத்தைந்து அடியில் வட்டமடித்துவிடும். கோட்டாறு கடைத்தெருவில் ஆட்டோக்காரர்களே திரும்பிப் பார்க்கிறார்கள். மழையில் வளைவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விடக் கூடாது, பின்சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். அது தெரிந்துவிட்டால் பேச்சிப்பாறை சாலையில் இதுபோல் சந்தோஷம் தரும் வண்டி வேறில்லை.

நண்பனுக்குச் சொன்ன பதில்: வாங்காதே. "இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் வேண்டாம் என்கிறாய்?" என்றான். ரேடியேட்டரை நான் இரண்டு முறை இறக்கியிருக்கிறேன், நீ ஒரு முறையும் இறக்கியதில்லை என்றேன். கேட்க மாட்டான், தெரியும். ஞாயிற்றுக்கிழமை போகிறானாம். விற்பவரிடம் ஒன்று மட்டும் கேட்கச் சொன்னேன்: அந்த போல்ட்டைக் கொஞ்சம் காட்டுங்கள் அண்ணாச்சி.